அவரை நாற்றுக்குக் குடிமாற்றம் தெரியக் கூடாது

பால்கனியில் அவரைக்கு நாற்று விட்டிருக்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டார். “கத்தரிக்கு நாற்று விடுவார்கள், மிளகாய்க்கு விடுவார்கள். அவரைக்கு எதற்கு? குழி தோண்டி நாலு விதையைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே?” உத்திரமேரூர்ப் பக்கத்தில் எங்கள் மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஏறிய அவரை அப்படித்தான் வளர்ந்தது. ஆடியில் கொட்டகை ஓரம் ஒரு குழி, இரண்டு கூடை மக்கிய எரு, நாலு விதை. தை முடியும்வரை முறம் முறமாகக் காய். அந்தச் செடியை யாரும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றியதில்லை.

அம்மா சொன்னது சரிதான். அவரை, மொச்சை, காராமணி, பீன்ஸ் எல்லாம் நேராக விதைக்க வேண்டிய பயிர்கள். கத்தரி நாற்றைப் பிடுங்கி, வேரை உதறி, கட்டுக் கட்டி, மறுநாள் நட்டாலும் தலை நிமிரும். அவரையிடம் அந்தப் பெருந்தன்மை கிடையாது. முளைத்த சில நாளிலேயே ஆணிவேரைக் கீழே இறக்கிவிடும்; அது அறுந்தால் கோபித்துக்கொண்டு வாரக்கணக்கில் அப்படியே நிற்கும், அல்லது செத்துப்போகும்.

ஆனால் அம்மாவின் கொட்டகைக்குப் புறாக்கள் வந்ததில்லை. சென்னையில் நான் இருப்பது மூன்றாவது மாடி. முதல் முறை பையில் நேராக விதைத்தேன். ஐந்தாம் நாள் மண்ணைப் பிளந்துகொண்டு முளை எழுந்தது. ஆறாம் நாள் காலை ஒன்றையும் காணவில்லை. அவரை முளைக்கும்போது விதையே இரண்டாகப் பிளந்து, தடித்த வித்திலைகளாக மண்ணுக்கு மேலே வந்து நிற்கும். புறாவுக்கு அது தட்டில் வைத்த சுண்டல். எஞ்சியதை அணில் தோண்டியது. அதற்குப் பிறகுதான் சமையலறை ஜன்னலில் சிறு சட்டியில் முளைக்க வைத்து, கொஞ்சம் தேறியதும் பால்கனிப் பைக்கு மாற்றும் வழிக்கு வந்தேன். உங்கள் பால்கனிக்குப் புறா வராது என்றால் இந்த வேலையெல்லாம் உங்களுக்கு வேண்டாம். அம்மா சொல்வதைக் கேட்டு, நேராக விதைத்துவிடுங்கள்.

நான் தொழில்முறைத் தையல்காரி. 31 ஆண்டுகளாக ரவிக்கை தைக்கிறேன். துணியில் கத்தரி வைப்பது அரை நிமிட வேலை. அதற்கு முன் அளவு எடுப்பதும் கோடு போடுவதும்தான் வேலை. நாற்று மாற்றுவதும் அப்படியே. மாற்றும் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் சட்டியை எதில் செய்கிறோம், எத்தனை நாள் அதில் விடுகிறோம் என்பதிலேயே பாதி முடிவு தெரிந்துவிடுகிறது.

எந்த அவரை, எந்த மாதம்

இதில் நான் ஒரு வருடத்தையே தொலைத்திருக்கிறேன். சித்திரையில் கொடி அவரை விதைத்தேன். கம்பி முழுக்க ஏறி, துணி காயப்போடும் கயிறுவரை போனது. வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி என்று இலை, இலை, இலை. சத்துப் போதவில்லை என்று நினைத்து எரு வைத்தேன், இன்னும் இலை. ஐப்பசி பிறந்த பிறகுதான் முதல் பூங்கொத்து வந்தது. பையில் குறையில்லை, எருவிலும் குறையில்லை. நம் ஊர்க் கொடி அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். சென்னையில் ஜூன் மாதப் பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டிசம்பரில் பதினொன்றரை மணி நேரத்துக்குக் கீழே இறங்கும். இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை, அவரைக்குத் தெரிகிறது. ஆடிப் பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை.

எனவே கொடி அவரை என்றால் ஆடி முதல் வாரத்தில் விதைக்கிறேன். பதினெட்டாம் பெருக்கை ஒட்டிப் பைக்கு மாற்றுகிறேன். கணக்கு 13, 14 நாள் வரும். பால்கனி குறுகல், கொடி ஏற இடமில்லை என்பவர்கள் செடி அவரை வாங்கிக்கொள்ளலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 13, கோ 14 போன்றவை இடுப்புயரத்துக்குள் நிற்கும். பகல் நீளத்தைப் பார்க்காமல் பூப்பதால் மாதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ருசி என்னவோ எனக்குக் கொடி அவரைதான். அதுவும் நரம்பு உரித்தால் கை மணக்கும் அந்தப் பட்டை அவரை.

காகிதச் சட்டி

டீ குடிக்கும் காகிதக் கப்பைப் பலர் பயன்படுத்துகிறார்கள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அது மண்ணில் மக்காது. மாற்றும் நாளில் கட்டாயம் வெட்டி எடுக்க வேண்டும். கொட்டாங்கச்சி பார்க்க அழகு, ஆனால் ஆழம் போதாது. பத்தே நாளில் ஆணிவேர் அடியில் முட்டி வளைந்துவிடும். நூல் சுற்றி வரும் அட்டைக் கூம்புகளைத் தலைகீழாக வைத்தும் பார்த்தேன். ஆழம் நன்றாக இருந்தது. விட்டம் போதாமல் மண் இரண்டே மணி நேரத்தில் காய்ந்தது.

இப்போது பழைய செய்தித்தாளைத்தான் நம்புகிறேன். ஒரு தாளை நீளவாக்கில் இரண்டு முறை மடித்து, எவர்சில்வர் டம்ளரைச் சுற்றி உருட்டுங்கள். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பொட்டலம் மடிப்பதுபோல் உள்ளே மடித்து, டம்ளரைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி உருவுங்கள். இரண்டரை அங்குல விட்டம், நாலு அங்குல உயரம் இருந்தால் போதும். பசையோ நூலோ தேவையில்லை. இந்தச் சட்டிகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்குங்கள், ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்.

காகிதத்தின் பெரிய நன்மை, அது நாள் காட்டும். ஈரத்திலேயே நின்று இரண்டு வாரத்தில் இற்றுப்போகத் தொடங்கும். காகிதம் கிழியத் தொடங்குவதும் நாற்றை மாற்றும் பருவம் வருவதும் ஏறக்குறைய ஒரே நாளில் நடக்கின்றன. பிளாஸ்டிக் கப்பில் இருந்தால் “அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடத் தோன்றும். காகிதம் தள்ளிப்போட விடாது.

விதையை நாலைந்து மணி நேரம் ஊறவைத்தால் போதும். இரவு முழுக்க ஊறப்போட்டு, நம் ஊர் வெயிலில் புளிக்க வைத்து, பிறகு முளைக்கவில்லை என்று விதைக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ரைசோபியம் கிடைத்தால் ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் தடவி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதையுங்கள். காற்றிலுள்ள தழைச்சத்தை வேருக்குப் பிடித்துக் கொடுக்கும் நுண்ணுயிர் அது. கிடைக்காவிட்டால் ஏற்கெனவே அவரையோ காராமணியோ வளர்ந்த பையிலிருந்து ஒரு கைப்பிடி மண் கலந்தாலும் வேர்முடிச்சு விழுகிறது. விதையின் வெள்ளைக் கண் கீழே பார்த்திருக்க, ஓர் அங்குல ஆழத்தில் வைத்து மூடுங்கள்.

ஒரு சட்டிக்கு ஒரு விதை. நான் ஒரு முறை இரண்டு இரண்டாகப் போட்டேன். இரண்டும் முளைத்தன. தையல் பிரிக்கும் பொறுமை எனக்கு இருக்கிறதே, வேரையும் பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். ஊக்குப் பிரிப்பதுபோல் மெதுவாகத்தான் பிரித்தேன். இரண்டும் போயின. தவறி இரண்டு முளைத்துவிட்டால், வலுவில்லாததை மண்மட்டத்தில் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள், பிடுங்காதீர்கள். பிடுங்கினால் பக்கத்தில் இருப்பதன் வேரும் சேர்ந்து ஆடும்.

முளை தெரிந்த அன்றே சட்டிகளை ஜன்னல் கம்பி ஓரத்துக்கு நகர்த்திவிட வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நூல்போல் நீண்டு, மாற்றும் நாளில் தலை தாங்காமல் சாயும். எட்டாம் நாள் வாக்கில் முதல் சோடி இலைகள் விரியும். அன்று முதல் காலை வெயிலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று பால்கனிக்கு எடுத்துப்போய்ப் பழக்குகிறேன். அந்த நேரம் முழுக்க நான் ரவிக்கைக்குக் காஜா (பொத்தான் துளை) தைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன், புறாவுக்காக.

பெரிய பை

கடையில் விற்கும் வளர்பை நல்லதுதான். நான் வாங்குவதில்லை. வீட்டில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தின் சாக்கு மாதம் ஒன்று சேருகிறது. தையல் இயந்திரமும் இருக்கிறது. என் சாக்கு தட்டையாக வைத்தால் 18 அங்குல அகலம், 30 அங்குல நீளம். அடி மூலைகள் இரண்டையும் முக்கோணமாக மடித்து, முனையிலிருந்து நாலு அங்குலம் உள்ளே தள்ளிக் குறுக்கே ஒரு தையல் போடுகிறேன். பை தானாக நிற்கும்படி சதுரமான அடிப்பாகம் கிடைத்துவிடும். பிறகு வாயை வெளிப்பக்கமாகப் பாதிவரை மடித்து இறக்கினால் சுவர் இரட்டையாகும். உயரம் 13 அங்குலம் நிற்கும். மண் நிரப்பினால் பதினொன்றரை அங்குல விட்டம், சுமார் 20 லிட்டர் கொள்ளளவு. ஒரு கொடி அவரைக்கு இது போதும். செடி அவரை என்றால் இரண்டு வைக்கலாம். மேல்சுவர் வெயிலில் ஒரு வருடத்தில் பொடிந்துவிடும். அதற்குள் அடுத்த சாக்கு வந்துவிடுகிறது. தைக்கத் தெரியாதவர்கள் 20 லிட்டர் பெயிண்ட் வாளி எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கழுவப்படும் சுவர்ப் பெயிண்ட் வாளியாகப் பார்த்து எடுங்கள். எண்ணெய்ப் பெயிண்ட் வாளி வேண்டாம். அடியில் ஆறேழு துளைகளும், பக்கச் சுவரில் தரையிலிருந்து அரை அங்குல உயரத்தில் நாலு துளைகளும் இருக்கட்டும். தரையோடு ஒட்டி அடித்துளை அடைத்துக்கொண்டாலும் பக்கத்துளை வழியாக நீர் வடியும்.

மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னைநார்த் தூள் ஒரு பங்கு, பைக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கு. தென்னைநார்க் கட்டியை ஊறவைத்து, தண்ணீரைப் பிழிந்து கொட்டி, இன்னொரு முறையும் அலசுங்கள். அதில் உப்பு இருக்கும். ஒரு முறை சோம்பலில் அலசாமல் கலந்தேன். நட்ட ஒரே வாரத்தில் இலை ஓரமெல்லாம் இஸ்திரிப் பெட்டி பட்டதுபோல் கருகியது. சாணமோ யூரியாவோ அள்ளிப் போடாதீர்கள். அவரை தன் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். நாம் கொடுத்தால் அது இலையாகத்தான் வரும். கலவையைப் பையில் நிரப்பி, ஈரப்படுத்தி, நாற்று மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே வைத்துவிட வேண்டும். பிண்ணாக்கு கலந்த புது மண் சில நாள் சூடேறிப் பூஞ்சை பூக்கும். அது அடங்கிய பிறகு நடுவதே நல்லது. மண்ணும் ஓரங்குலம் அமுங்கும், மேலே நிரப்பிக்கொள்ளலாம்.

எடையைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நனைந்த பையை வீட்டுத் தராசில் நிறுத்தேன்: 23 கிலோ. குடியிருப்புப் பால்கனிக்கு இந்தியக் கட்டுமானத் தரம் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ சுமை என்று கணக்கு வைத்திருக்கிறது. என் பால்கனி 4 அடிக்கு 9 அடி. எட்டுப் பைகள் வைத்திருக்கிறேன், பயமில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் சுவர் ஓரமாகத்தான் வைக்கிறேன். கைப்பிடிக் கம்பி ஓரத்தில் வரிசையாக அடுக்குவதில்லை. காரை பெயர்ந்து கம்பி தெரிகிற பழைய பால்கனி என்றால் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், பையே வேண்டாம்.

கொழுகொம்பை நாற்றுக்கு முன்னால் நடுங்கள். பலர் கொடி நீண்ட பிறகு குச்சியைத் தேடி, வேரின் நடுவே குத்துகிறார்கள். பை நிரப்பும்போதே ஓரத்தில் ஒரு மூங்கில் குச்சி, அதன் தலையிலிருந்து மேல் கம்பிக்கு ஒரு சணல் கயிறு. நைலான் கயிறு வழவழப்பாக இருப்பதால் கொடி வழுக்குகிறது. காற்றடித்தால் தண்டை அறுக்கிறது.

மாற்றும் நாள்

முதல் சோடி இலைகள் ஒற்றை இலைகளாக எதிரெதிரே இருக்கும். அவற்றின் நடுவிலிருந்து மூன்று இலைகள் சேர்ந்த முதல் மூவிலை விரியத் தொடங்கும். அது விரல் நுனியளவு தெரியும்போது மாற்றிவிடுங்கள். இன்னோர் அடையாளம், காகிதத்தின் அடியில் வெள்ளை வேர்நுனி எட்டிப்பார்ப்பது. இரண்டில் எது முதலில் வந்தாலும் அன்றுதான் நாள். மூவிலை இரண்டு மூன்று வந்து, கொடி துழாவத் தொடங்கிய பிறகு மாற்றுவது தாமதம்.

மாலை ஐந்து மணிக்குமேல் செய்யுங்கள். இரவு முழுக்க அதற்கு ஓய்வு கிடைக்கும். ஒரு மணி நேரம் முன்பு சட்டிகளுக்கு அளவாக நீர் விடுங்கள்: மண் கட்டியாகச் சேர்ந்து நிற்க வேண்டும், சேறாகச் சொட்டக் கூடாது. காய்ந்த மண் உதிரும்; சேறு வழியும். இரண்டிலும் வேர்தான் வெளியே வரும்.

குழி தோண்டுவதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. சட்டி உருட்டிய அதே டம்ளரை எடுத்து, பை மண்ணில் நாலு அங்குலத்துக்கு அழுத்தித் திருகி எடுப்பேன். உள்ளே இருக்கும் மண்ணை விரலால் வழித்துவிட்டால் சட்டியின் அச்சு அளவில் குழி தயார். சட்டி அதில் ரவிக்கைக் கை தோளில் உட்காருவதுபோல் உட்காரும். சுற்றிலும் மண்ணைப் போட்டு அழுத்த வேண்டிய வேலையே இல்லை. குத்துமதிப்பாகத் தோண்டிய குழியில் காற்றுப் பொந்து விழும். அதில் நீட்டிய வேர் காய்ந்துவிடும்.

டப்பாவிலிருந்து சட்டியை எடுக்கும்போது அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். தண்டைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். எதையாவது பிடித்தாக வேண்டும் என்றால் இலையைப் பிடியுங்கள். இலை கிழிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் வேறு தண்டு வராது. மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காகித விளிம்பைச் சுற்றிலும் கிழித்துவிடுங்கள். அந்த விளிம்பு வெளியே தெரிந்தால் விளக்குத் திரிபோல் உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சி வெயிலுக்குக் கொடுத்துவிடும். அடிக்காகிதம் இற்றிருந்தால் அப்படியே இறக்கலாம். விறைப்பாக இருந்தால் கத்தரி நுனியால் இரண்டு கீறல். அவ்வளவுதான்; உரிக்க வேண்டாம், வேரைப் பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் வையுங்கள். தக்காளியைக் கழுத்துவரை புதைக்கலாம், தண்டெல்லாம் வேர்விடும். அதே நினைப்பில் அவரையைப் புதைத்தால் தண்டு அழுகும். தண்டு நெடுநெடுவென்று நீண்டுவிட்ட நாற்றுக்கு விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைப் பக்கத்தில் குத்தி, துணி வெட்டிய கந்தல் நாடாவால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுகிறேன்.

நர்சரியில் பிளாஸ்டிக் கப்பிலோ குழித்தட்டிலோ நாற்று வாங்கியிருந்தால், கப்பின் பக்கங்களை மெதுவாக அமுக்கித் தளர்த்துங்கள். தண்டு இரண்டு விரல்களுக்கு நடுவே வரும்படி உள்ளங்கையால் மண்ணை மூடி, தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் தட்டினால் கட்டியாக இறங்கும். இறங்காவிட்டால் இழுக்காமல் கப்பை வெட்டுங்கள். நாலு ரூபாய்க் கப்பைக் காப்பாற்ற நாற்றைக் கொல்வதில் அர்த்தமில்லை. அடியில் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் அது அங்கே ரொம்ப நாள் இருந்துவிட்டது என்று பொருள். அதைப் பிரித்து நீட்ட முயலாமல் அப்படியே நட்டு, பக்கத்தில் ஒரு விதையையும் ஊன்றி, அதன்மேல் பழைய டீ வடிகட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். நான் ஒரு முறை அப்படிச் செய்ததில், மூன்று வாரத்தில் அந்த விதைச்செடி நாற்றை எட்டிப்பிடித்துத் தாண்டிப் போனது. அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

நட்டதும் பூவாளியில் ஒரு லிட்டர் தண்ணீர், தண்டின் மேல் படாமல் சுற்றிலும்.

பிறகு பத்து நாள்

முதல் மூன்று நாள் காலை பத்து மணிமுதல் நாலு மணிவரை நிழல் வேண்டும். ரவிக்கைக்கு வைக்கும் வெள்ளைப் பருத்தி லைனிங் துணியை ஒற்றை மடிப்பாகக் கம்பிக்குக் கம்பி கட்டிவிடுகிறேன். வெளிச்சம் வடிந்து வரும். நான்காம் நாள் அவிழ்த்துவிடுவேன். புறாவுக்காக மட்டும் நாலு ஈர்க்குகளை வளைத்துக் குத்தி, பாவாடைக்கு வெட்டி மிஞ்சிய நெட் துணியைப் பத்து நாள் போர்த்தியிருப்பேன். வித்திலைகள் சுருங்கி விழுந்த பிறகு புறாவுக்கு ஆர்வம் போய்விடுகிறது. வித்திலை மஞ்சளாகிச் சுருங்குவது நோயில்லை. அதிலிருந்த சாப்பாடு தீர்ந்தது, அவ்வளவே.

நட்ட மறுநாள் மதியம் இலைகள் தொங்கும். பதறித் தண்ணீரை ஊற்றாதீர்கள். மாலையில் நிமிர்ந்தால் நலமாக இருக்கிறது. காலை ஆறு மணிக்கே தொங்கிக்கொண்டிருந்தால்தான் வேரில் அடி. அப்போதும் தண்ணீர் உதவாது; நிழலை இன்னும் நாலு நாள் நீட்டுங்கள். விரலை இரண்டாம் கணுவரை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் கிடையாது. தண்டு மண்மட்டத்தில் பழுப்பாகி, நூல்போல் இளைத்து மடிந்தால் அது நாற்றழுகல். அதற்கு மருந்து தேடாமல் எடுத்து எறிந்துவிட்டு அந்த இடத்தைக் காயவிடுங்கள். நுனி மட்டும் முறிந்தால் எடுக்க வேண்டாம். போன ஆண்டு என் பேரன் பந்தெறிந்து ஒரு நாற்றின் தலையை முறித்தான். வித்திலைக் கக்கத்திலிருந்து இரண்டு கிளைகள் வந்தன. அதுதான் எட்டில் அதிகம் காய்த்தது. அதிலிருந்து அவன் தன்னை விவசாயி என்று சொல்லிக்கொள்கிறான்.

இரண்டாம் வாரம் கொடி நீண்டு காற்றில் துழாவும். அதை மெதுவாகக் கயிற்றின் பக்கம் சாய்த்துவிடுங்கள், சுற்றிவிடாதீர்கள். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பது அதற்குத் தெரியும். நான் அழகுக்காக எதிர்ப்பக்கம் சுற்றிக் கட்டிய கொடி மறுநாள் காலைக்குள் தன்னைத்தானே அவிழ்த்துக்கொண்டு, தன் பக்கமாகச் சுற்றி நின்றது. பால்கனி விளக்கை இரவெல்லாம் எரியவிடும் வழக்கம் இருந்தால் ஐப்பசிக்கு முன் விட்டுவிடுங்கள்; பகல் குறைகிறது என்பது அவரைக்குத் தெரிய வேண்டும்.

மார்கழிப் பனியில் கொழுந்தில் கறுப்பாக அசுவினி அடையும். எங்கள் ஊரில் பேன் என்பார்கள். கொழுந்தைக் கையில் ஏந்தித் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பாதி போகும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

தண்ணீர் வடிவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் ஆண்டு என் பைகளிலிருந்து வடிந்த செம்மண் நீர் கீழ் வீட்டு அம்மாளின் வெள்ளைப் போர்வையில் விழுந்து, அவர் மாடி ஏறி வந்தார். நியாயமான கோபம். இப்போது ஒவ்வொரு பையும் இரண்டு செங்கல்மேல், அடியில் அகலமான தட்டோடு நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தத் தட்டுகளைக் காலையும் மாலையும் கவிழ்க்க வேண்டும்; நிற்கும் நீரில் வேர் அழுகுவது ஒரு புறம், கொசு மறுபுறம்.

சென்ற தையில் ஒரு கொடி கம்பியைத் தாண்டிக் கீழே தொங்கி அவர் பால்கனிக்குப் போய்விட்டது. பொங்கல் குழம்புக்கு அதில் பறித்துக்கொண்டதாக அவரே சொன்னார். இந்த ஆடிக்கு அவருக்கும் இரண்டு காகிதச் சட்டி உருட்டி வைத்திருக்கிறேன். அவருடைய சமையலறைப் பக்கத்துப் பால்கனி மேற்குப் பார்த்தது, மாலை வெயில் சுள்ளென்று அடிக்கும். ஐந்து மணிக்கு வேண்டாம், ஆறரைக்கு நடுங்கள் என்றும், லைனிங் துணியை ஐந்து நாளாவது அவிழ்க்காதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.